மைனருக்கு வெறி இல்லை

வெளிநாடு போகிற மனிதனுக்கு வெறி பிடித்திருக்கிறதா என்று எந்தச் சர்க்காரும் கேட்பதில்லை. என் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஓர் ஏட்டையா வந்தார். டீ குடித்தார், முறுக்குத் தின்றார், "ஆளு தங்கமுங்க" என்று எழுதிக்கொண்டு போனார். அன்று காலையில்தான் நான் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரனைக் குடத்தாலேயே மண்டையில் போட்டிருந்தேன். அதை அவர் கேட்கவில்லை. அத்தனை கேள்வியையும் என் நாய்க்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

நான் வேலுமணி, பஞ்சாலை ஃபிட்டர். எங்கள் முதலாளி மில்லைப் பூட்டிச் சாவியோடு காணாமல் போன தொண்ணூற்றாறாம் வருடம், மொரீசியஸ் தீவில் ஒரு மில்லில் எனக்கு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். குடும்பம் என்றால் என் மனைவி செவ்வந்தி, அப்புறம் மைனர். மைனர் நாட்டு நாய். செவலை நிறம், ஒரு காது பாதிதான் இருக்கும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் அவன் ஏறி உட்கார்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. விட்டுவிட்டுப் போகலாம் என்றால், கோயமுத்தூரில் நாங்கள் குடியிருக்கிற கணபதியைத் தாண்டுவதற்குள் நாய் பிடிக்கிற வண்டி இரும்புக் கண்ணியோடு வந்து நிற்கும். அதில் ஏறிய எந்த நாயும் திரும்பி வந்ததில்லை.

"மைனரு வந்தா நானும் வாரேனுங்க. இல்லீன்னா நீங்க மட்டும் போய்ச் சம்பாரிங்க. நா ரேசன் அரிசியப் பொங்கித் தின்னுட்டு அவனோட இங்கியே கெடக்கறேன்" என்றாள் செவ்வந்தி.

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆக, மைனருக்கு வெறி இல்லை என்று ஒரு நற்சான்று வாங்கியாக வேண்டும். பிளேன் அடுத்த மாதம்.

'அயல்நாடு செல்லும் செல்லப்பிராணிகள் நற்சான்று அலுவலகம்' ஒரு பழைய பஞ்சுக் குடோனில் இருந்தது. பெயர்ப் பலகை குடோனைவிட நீளம். இரண்டு பக்கமும் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு நின்று, போகிற வருகிறவர்கள் மண்டையைப் பிளந்தது. பிளந்துகொண்டவர்களுக்கு உள்ளே டிஞ்சர் வைத்திருந்தார்கள். அதற்கும் வரிசை உண்டு.

அதிகாரி பெயர் நரசிம்மலு. வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, பேச்சில் அப்படியொரு மரியாதை. மைனரைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றார். அவனும் உட்கார்ந்தான்.

"உங்க நாய்க்கு வெறி இல்லைங்கறீங்க. நானும் நம்பறனுங்க. ஆனா சர்க்காரு நம்போணுமல்லங்க? வெறிங்கறது மூளைல இருக்கற சமாச்சாரமுங்க. மூளை தலைக்குள்ள இருக்குதுங்க. தலைய ஒடைச்சுப் பாக்காம நா எப்படீங்க கையெழுத்துப் போடறது? தலையக் கொண்டாங்க. அன்னிக்கே எழுதித் தந்தர்றேன்."

"தலையக் கொண்டாந்தா நாயி செத்துப்போயிருமேங்க சார்?"

"அது உங்க சவுரியமுங்க. நாங்க ஆரையும் கட்டாயப்படுத்தறதில்லீங்க. ஆனா உசுரோட இருக்கற ஒண்ணுக்கு வெறி இல்லைன்னு உறுதி சொல்ல விதியில எடமில்லீங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். வாசலில் ஒரு வேப்பமரம். அடியில் ஒரு பெரியவர் மூடி போட்ட தூக்குப்போசியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து, தாராபுரத்துக்காரர். கனடாவில் இருக்கும் மகளிடம் போகலாம் என்று, தன் நாயோடு வந்தவராம்.

"நாயி எங்கீங்க?" என்றேன்.

"தலையக் கேட்டாங்க தம்பி. சர்க்காரு சொல்லி மாத்திப் பேசற வழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க. இந்தப் போசிலதான் கொண்டாந்து குடுத்தனுங்க" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். சீல், கையெழுத்து, எல்லாம் பக்காவாக இருந்தது. 'மேற்படி நாய்க்கு வெறி இல்லை. எந்த நாட்டுக்கும் தாராளமாக அழைத்துச் செல்லலாம்.'

"இனி ஆரைக் கூட்டீட்டுப் போறதுன்னு ஒரு வார்த்தை கேக்கோணும் தம்பி. தெனமும் வாரேன். உள்ள உட மாட்டேங்கறாங்க."

திரும்ப உள்ளே ஓடி, வேறு வழியே இல்லையா என்று கதறினேன். நரசிம்மலு முகம் வாடாமல் சொன்னார்: "இருக்குதுங்களே. கடிச் சோதனைன்னு ஒண்ணு இருக்குது. உங்க நாயி ஒரு ஆளைக் கடிக்கோணும். அந்த ஆளு ஊசி கீசி போடாம பத்து நாள் உசுரோட இருந்து காட்டோணும். இருந்தா நாய்க்கு வெறி இல்லைன்னு அர்த்தமுங்க."

"செத்துப்போட்டாருன்னா?"

"அப்ப வெறி இருக்குதுன்னு அர்த்தமுங்க. ரெண்டுல எதானாலும் எங்களுக்கு ஒரு முடிவு கெடைச்சுருமல்லங்க."

கடிபடுவதற்கு ஆளும் அங்கேயே வேப்பமரத்தடியில் கிடைத்தது. கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவர்கள் இருப்பதுபோல இங்கே கடிபடுகிறவர்கள். சின்னராசு என்று ஒருவர் வேட்டியைத் தொடைவரை தூக்கித் தழும்புகளைக் காட்டினார். "இது அல்சேசன். இது பொமரேனியன், சின்ன வேலை. இது ஒரு டாக்டரு ஊட்டுக் குரங்குங்க." மாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரி துண்டைப் போட்டு, அதற்கடியில் என் விரலைப் பிடித்துப் பேரம் முடித்தார். பின்கட்டில் ஒரு கம்பி வேலிக்குள் அவரையும் மைனரையும் விட்டார்கள்.

அதற்கு முன்னால், கூடவே வந்திருந்த செவ்வந்தி ஒயர்கூடையிலிருந்து சொம்பை எடுத்து, "தண்ணி குடிச்சுட்டுப் போங்ணா" என்றாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வந்தவர் கடன்காரரானாலும் சரி, ஜப்திக்கு வந்த அமீனாவானாலும் சரி, முதலில் ஒரு சொம்பு தண்ணீர். சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான். சின்னராசு குடித்தார். உள்ளே போய் மைனரைச் சீண்டினார், வாலைத் திருகினார், பக்கத்தில் படுத்துக் காலை வாயருகே நீட்டினார். மைனர் கொட்டாவி விட்டான்.

"என்னையக் கடிக்காத நாயி இன்னும் பொறக்கலீங்க" என்று சின்னராசு அழுகிற குரலில் சொன்னார். அவருக்குத் தொழிலில் மானம் போய்விட்டது.

"அப்படீன்னா தூண்டோணுமுங்க" என்றார் நரசிம்மலு. "எசமானை அடிச்சா எந்த நாயும் பாயுமுங்க. அதுக்குன்னே சர்க்காரு ஒரு போஸ்ட்டு குடுத்திருக்குது. காளியண்ணா, வாங்க."

காளியண்ணன் அந்த ஆபீசின் தூண்டுநர். ஆறடி உயரம். என்னைக் கும்பிட்டுவிட்டு, "ஏனுங், கண்ணாடி போட்டிருந்தா கழட்டிக்குங்க. கன்னத்தைச் சித்த இந்தப் பக்கம் திருப்புங்க. ஆமாங்க, அப்படித்தானுங்க" என்று சொல்லி ஒன்று விட்டார். கோயமுத்தூரில் அடிக்கும்போதுகூட மரியாதை குறையாது. மரியாதை குறையவில்லை என்பதற்காக வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. இரண்டாவது அறையில் கடைவாய்ப் பல் கழன்று கையில் வந்தது. "அதைப் பத்தரமா வெச்சுக்குங்க" என்றார். அப்புறம் பிரம்பு. அப்புறம் நாற்காலி. நாற்காலி உடைந்ததும், அது அரசுச் சொத்து என்பதால் நரசிம்மலு என்னைத்தான் கோபித்துக்கொண்டார்.

மைனர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாலை ஆட்டினான். அடித்து அடித்துக் காளியண்ணனுக்கு மூச்சு வாங்கியது. செவ்வந்திக்குத் தாங்கவில்லை. எனக்காக என்று நினைத்தேன். "அய்யோ பாவம், எப்படி வேர்த்துப்போச்சு பாருங்க" என்று சொம்பை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் ஓடினாள். அடிக்க வருமுன்பே அவருக்கு ஒரு சொம்பு கொடுத்திருந்தாள். இது இரண்டாவது. அவர் குடித்து முடித்ததும் மைனர் எழுந்து போய் அவர் கையை நக்கினான்.

பஸ்ஸில் வீங்கின மூஞ்சியோடு வரும்போதுதான் என் மண்டையில் உறைத்தது. வீட்டிலும் இவன் இப்படித்தான். செவ்வந்தி கையால் தண்ணீர் குடித்தவர் யாராக இருந்தாலும் அவனுக்கு ஒரம்பரை, வீட்டுச் சொந்தம். ஒருமுறை கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர், "நேரமில்லீங்க அம்மணி, தண்ணி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். முழங்காலுக்குக் கீழே அவருக்குப் பேண்ட் இல்லாமல் போனது. மீட்டரைப் பார்க்காமலேயே ஓடினார்.

"அம்மணி, நாளைக்கு ஆருக்கும் தண்ணி குடுக்காத. கையெடுத்துக் கும்புடறேன். நீ தண்ணி குடுக்கற வரைக்கும் இவன் ஆரையும் கடிக்க மாட்டான்" என்றேன்.

"ஒரு மனுசனைப் பச்சத்தண்ணி குடுக்காம நிக்க வெக்கறதா? என்ற குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்லீங்க. வேணும்னா என்னைய வெட்டி அந்தப் போசில போட்டுக் கொண்டு போங்க" என்றாள்.

மறுநாளும் சொம்போடுதான் வந்தாள். வந்தவள் நேரே நரசிம்மலு மேசைக்குப் போய், "சாருக்கு நேத்து ஒரு வாய் தண்ணி குடுக்கலியே. குடிங்க சார்" என்று நீட்டினாள்.

நரசிம்மலு பதறி எழுந்தார். "விண்ணப்பதாரர்கிட்டப் பச்சத்தண்ணி கூட வாங்கக் கூடாதுங்க அம்மணி. இத்தன வருச சர்வீசுல இந்தக் கை சுத்தமுங்க. நா ஆரோட உசுரையும் எடுத்திருக்கலாம், ஆரோட தண்ணியவும் எடுத்ததில்லீங்க." என்று சொம்பைத் தட்டிவிட்டார். சொம்பு உருண்டு போய் மைனர் காலில் இடித்தது. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

மைனர் எழுந்தான். குரைக்கவில்லை, உறுமவில்லை. நிதானமாக மேசையைச் சுற்றிக்கொண்டு போய், சர்க்கார் பேண்ட்டோடு சேர்த்துக் கெண்டைக்காலில் ஒரு வாய் எடுத்தான். அந்த ஆபீசிலேயே கை சுத்தமான மனுஷனுக்குக் கிடைத்த முதல் பரிசு அது.

ரத்தம் சொட்டச் சொட்ட நரசிம்மலு முதலில் தேடியது ஊசியை. காளியண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நீங்க ஊசி போட்டீங்கன்னா சோதனை ரத்தாயிருமுங்க சார். அலுவலரே சோதனையக் கெடுத்தா சஸ்பெண்டுன்னு நீங்கதானுங்க செவுத்துல எழுதி ஒட்டியிருக்கறீங்க."

சுவரைப் பார்த்தோம். ஒட்டியிருந்தது, கடிபட்டது அலுவலரானால் பத்து நாளும் ஆபீசை விட்டு நகரக் கூடாது என்பதும் சேர்த்து. நரசிம்மலு உட்கார்ந்துவிட்டார். பத்து நாள் அவர் உயிரோடு இருந்தால் மைனருக்குச் சான்று. இல்லாவிட்டால் என் மொரீசியஸ் போயிற்று, மைனர் வண்டியில் ஏறுவான், செவ்வந்தி அவனோடு இங்கேயே கிடப்பாள்.

சமாச்சாரம் மரத்தடிக்கு எட்டியது. சாயங்காலத்துக்குள் அந்த ஆபீசால் அழிந்தவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். குவைத்திலிருக்கும் புருஷனிடம் பூனையோடு போகக் கிளம்பி, பூனை கடித்தவர்கள் எல்லோரும் திருட்டுத்தனமாக ஊசி போட்டுக்கொண்டதால் விசா முடிந்துபோன சாஜிதா பேகம். தொழிலில் மானம் போன சின்னராசு. சூலூரிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள், அவர்கள் யார் என்றே எனக்குத் தெரியாது. கையில் கல், கம்பு, தறிக்கட்டை. பெயர்ப் பலகையை முதலில் கழற்றினார்கள். கழற்றும்போது அது இரண்டு பேர் மண்டையை உடைத்தது. கோபம் இன்னும் ஏறியது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நிற்க வேண்டியவன் நான். என் பல் இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் வாசலில் ஸ்பேனரோடு காவலுக்கு நின்றதும் நான்தான். வேறு யார் நிற்பார்கள்? நான் அவரை வெட்டிப் போட ஆசைப்பட்டேன், அவர் சாகாமல் இருக்க வேண்டுமென்று சாமி கும்பிட்டேன், இரண்டையும் ஒரே மூச்சில் செய்தேன்.

நல்லவர்களை அடித்தேன். சின்னராசின் விரலை ஸ்பேனரால் ஒடித்தேன். "மன்னிச்சுக்குங்ணா" என்றேன். "பரவால்லீங்க தம்பி, உங்க நெலமை தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு மறு கையால் என் மூக்கை உடைத்தார். சாஜிதா பேகம் குடைக்கம்பியால் என் புருவத்தைக் கிழித்தார். "ஒத்துங்கண்ணே, உங்க மேல எனக்கொரு கோவமும் இல்ல" என்றார். ஒத்தி வழி விட முடியாதே! கல் பட்டுக் காளியண்ணன் இரண்டு நாள் எழவில்லை. செவ்வந்தி ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் இரண்டு தரப்புக்கும் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் அடித்துக்கொண்டோம்.

நாச்சிமுத்து மட்டும் எதிலும் சேரவில்லை. போசியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து, உள்ளே இருக்கிற மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய என்னங்க சத்தம்?" என்று நரசிம்மலு கேட்டார்.

"சனங்க உங்களப் பாக்க வந்திருக்கறாங்க சார்" என்றேன். உதட்டில் ரத்தம் இருந்ததால் சரியாகப் பேச வரவில்லை.

அவர் கண் கலங்கிவிட்டது. "நெம்ப நல்ல சனங்க. நா ஒரு ஆளுக்குக் கூட முடியாதுன்னு சொன்னதில்லீங்க வேலுமணி. தலையக் கொண்டாங்கன்னுதான் சொல்லியிருக்கறேன். அந்தப் பிரியம் போகுமுங்களா? இருந்தாலும் உடனே உள்ள உடாதீங்க, காத்திருக்கட்டும். காக்க வெச்சாத்தான் சர்க்காரு மேல ஒரு மதிப்பு இருக்குமுங்க."

நான் பல்லைக் கடித்தேன். இருந்த பற்களை.

தினமும் செவ்வந்தி சொம்பை நீட்டுவாள். தினமும் அவர் பதறித் தட்டிவிடுவார். தாகம் எடுத்தால் தன் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்க் குடிப்பார். அரசு அலுவலர் குடிப்பதை விண்ணப்பதாரர் பார்க்கக் கூடாதாம். ஜன்னலில் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இந்த ஆளை நாய் கடித்திருக்கிறது, தண்ணீரைக் கண்டால் பதறுகிறார். தண்ணீரைக் கண்டு மிரள்வது வெறியின் அடையாளம் என்று நாயை வளர்த்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பத்தாம் நாளும் போனது. நரசிம்மலு சாகவில்லை. தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்து, "உசுரோடதானுங்க இருக்கறேன்" என்று உறுதி செய்துகொண்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, ஊதிக் காயவைத்து என் கையில் கொடுத்தார். மைனருக்கு வெறி இல்லை. நான் அதை நான்காக மடித்துப் பல்லோடு சேர்த்துப் பையில் வைத்தேன்.

செவ்வந்தி கடைசியாக ஒருமுறை சொம்பைக் கொண்டுவந்தாள். "இனி நாங்க விண்ணப்பதாரர் இல்லீங்க சார். எங்க வேலை முடிஞ்சுபோச்சு. ஒரு வாய் குடிச்சுருங்க."

ஜன்னலில் தலைகள் நெருக்கியடித்தன. நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்: "சார், அத்தனை பேரும் பாக்கறாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன், குடிச்சுருங்க."

"பத்து நாள் என்னையக் காப்பாத்துனீங்கங்கறதுக்காக விதிய மாத்த முடியுமுங்களா வேலுமணி?" என்று சிரித்துக்கொண்டே சொம்பைத் தட்டிவிட்டார்.

ஜன்னலில் நாச்சிமுத்துவின் குரல் சாந்தமாகக் கேட்டது. "பாத்தீங்களா. நாய்க்கு வெறி இல்லைன்னு இப்பத்தான் எழுதிக் குடுத்தாரு. அப்ப இந்த வெறி இவுருக்கு மின்னாலயே இருந்ததுதானுங்க."

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க பெரியவரே" என்றார் காளியண்ணன், கட்டுப்போட்ட தலையோடு. ஆபீசு முறைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. "உசுரோட இருக்கற ஒண்ணுக்கு அப்படியெல்லாம் சொல்ல விதியில எடமில்லீங்க."

"தெரியுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

நான் ஸ்பேனரைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். மைனரின் சங்கிலியைக் கையில் பிடித்தேன். தாழ்ப்பாளை எடுத்துக் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டேன். எனக்குப் பாவமாக இல்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

செவ்வந்தி சொம்பை மறுபடி நிரப்பிக்கொண்டு வாசலில் நின்றாள். "மொதல்ல எல்லாரும் தண்ணி குடிங்க." வரிசையாக வந்து குடித்தார்கள். சாஜிதா பேகம் குடித்தார், சின்னராசு இடது கையால் வாங்கிக் குடித்தார், சூலூர்க்காரர்கள் கம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தார்கள். "நீங்க மின்னால போங்க" என்று எல்லோரும் ஒதுங்கி நாச்சிமுத்துவுக்கு வழி விட்டார்கள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"வாங்க, உக்காருங்க" என்றார் நரசிம்மலு. "விண்ணப்பம் கொண்டாந்திருக்கறீங்களா?"

"இல்லீங்க. போசி கொண்டாந்திருக்கறனுங்க."

மற்றவர்களும் உள்ளே போன பிறகு, நான் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, செவ்வந்தியையும் மைனரையும் கூட்டிக்கொண்டு கணபதி பஸ்ஸுக்கு நடந்தேன்.